வாலில் அழிந்த கோடு

1

இந்தக் கதை ஓர் எலியின் வாலில் தொடங்கியது. பெரிதாக ஏதோ யோசித்து எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் பொய். வாலில் போட்ட மைக்கோடு அழிந்துபோனதாகக் கேள்விப்பட்டேன், விட மனசு வரவில்லை.

முதல் வரியாக, "ஆய்வுக்கூடத்தில் ஆழ்ந்த அமைதி நில—" வேண்டாம். எலிகள் இருக்கும் இடத்தில் ஏது அமைதி?

2

ஆய்வாளர் ஒருத்தி எல்லா எலிகளுக்கும் நஞ்சு கொடுத்து ஈரலைக் கெடுத்தாள். பாதி எலிகளுக்கு ஒரு சேர்மத்தையும் கொடுத்தாள். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து ஈரலைக் காக்குமா என்பதுதான் கேள்வி. வாலில் ஒரு கோடு என்றால் மருந்து உண்டு, இரண்டு கோடு என்றால் இல்லை. எலிகள் நக்கி நக்கியே மையைப் போக்கிவிடும், அதனால் மூன்று நாளுக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். ஒரு முறை தவறவிட்டாள். அன்று அவள் தம்பியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவனுக்கும் ஈரல்தான்.

(தம்பிக்கு வேறு நோய் கொடுத்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.)

மறுநாள் கூண்டுகளைக் கழுவும்போது, அவசரத்தில் இரண்டு எலிகளை, மருந்து குடித்து முடித்த ஒன்றையும் குடிக்காத ஒன்றையும், ஒரே தொட்டியில் விட்டாள். திரும்ப எடுத்தால் இரண்டும் வெறும் வால். அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. இந்தச் சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தக் கதையில் வேறெது நடுங்கும்?

3

கடைசி நாள் அறுத்துப் பார்த்தபோது, அந்த இரண்டில் ஓர் ஈரல் வழவழவென்று சிவந்திருந்தது. மற்றது வெளிறிக் கொழுப்பேறிக் கிடந்தது. மீதி எலிகளின் முடிவு இழுபறி. நல்ல ஈரல் மருந்து குடித்த எலியுடையது என்று எழுதினால் மருந்து ஜெயித்துவிடும்.

"பார்த்தாலே தெரியுதே மேடம், எழுதிடுங்க" என்றார் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர்.

"மருந்து வேலை செய்யுமான்னு தெரியாமத்தானே அண்ணே இத்தனை எலியக் கொன்னோம்?"

வீறாப்பாகச் சொன்னாளே தவிர, அந்த இரண்டு எலிகளின் கட்டத்தை நிரப்பாமல்தான் பதிவேட்டை மூடினாள். சாயங்காலம் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"டேய், நீயே சொல்லு. எழுதட்டுமா?"

"என்னைப் போய்க் கேக்குறியேக்கா!"

4

முடிவு அ: இரண்டு எலிகளையும் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறாள். மருந்து குப்பியிலேயே தூங்குகிறது. தம்பி—

முடிவு ஆ: எழுதிவிடுகிறாள். மருந்து வருகிறது. அது வெறும் தூளாக இருந்தால், நம்பி விழுங்கப்போவதும் அதே தம்பிதான்.

மூன்று நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக் கிழித்துவிட்டேன். இதில் நான் நடுநிலைக்காரன் இல்லை. கட்டிலில் படுத்தபடிதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பயமாக இருக்கிறது. நாளைக் காலை அக்கா பதில் கேட்டு வருவாள்.

உங்கள் ஈரல் நன்றாகத்தானே இருக்கிறது? நீங்கள் சொல்லுங்கள்.