கரைக்கு வந்த சாவுப்பாட்டு

சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிடுகிற ஆளைக் கடற்கரையில் பார்த்தால் யார்தான் நல்ல சகுனம் என்பார்கள்? வியாசர்பாடி பாரி திருவொற்றியூர்க் குப்பத்தில் வந்து நின்றதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மரண கானா பாடுகிறவன் அவன். ஆனால் அன்றைக்குப் பாட வரவில்லை. புயலுக்குப் பயந்து திரும்பிய கஸ்பாரின் படகு கரைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, சிநேகிதனாயிற்றே என்று அலறியடித்துக்கொண்டு வந்திருந்தான்.

கல் கொட்டிய கரைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், கவிழ்ந்த படகைப் பிடித்தபடி இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கஸ்பார், இன்னொன்று அவன் கூட்டாளி ரஷீது. காப்பாற்றக் கிளம்பிய படகை அலை மறுபடி மறுபடி கரையிலேயே தூக்கி எறிந்தது. கொஞ்சம் தணிகிறவரை அவர்கள் பிடியை விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் முடியுமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடலைப் பற்றி பாரி நிறையப் பாட்டுக் கட்டியிருக்கிறான். அலையைத் தம்பி என்பான், புயலை வாடா போடா என்பான். மேடையில் அதற்குக் கைதட்டல் வேறு. இப்போது ஒரு அலை எழுந்து கல்லில் அறைந்ததும் அந்த வீராப்பெல்லாம் எங்கே போனதோ, கரையேற்றி வைத்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் பதுங்கினான். அதைவிடக் கேவலம், அந்தப் பயத்திலும் வாய்க்குள் ஒரு வரி தானாக ஓடியது: 'கடலோட போனியே கஸ்பாரு.' பழக்க தோஷம். சீ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கஸ்பாரின் மனைவி பிலோமி பாரியிடம் வந்தாள்.

"பாடுண்ணா. உன் கொரலுதான் இந்தக் காத்துல கேக்கும்."

"எனக்கு சாவுப்பாட்டுதாம்மா வரும்."

"வார்த்தைய மாத்து. போனியேன்னு வேணாம். வான்னு பாடு."

வாழ்நாளில் அவன் 'வா' என்று ஒரு பாட்டும் கட்டியதில்லை, போனவர்கள் வருவதில்லையே. மீன் போடும் நீலப் பீப்பாயைக் கவிழ்த்துத் தாளம் தட்டி, 'கஸ்பாரு, வூட்டாண்ட வந்துடு' என்று தொண்டை கிழியப் பாடினான். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. திடீரென்று ஒரு தலையைக் காணவில்லை. பிலோமி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாரி பாட்டை நிறுத்தப் பயந்து இன்னும் பலமாகத் தட்டினான். தலை மறுபடி மேலே வந்தது.

ஒருவழியாக அலை தணிந்த சமயம் பார்த்துக் கயிறு வீசி இருவரையும் இழுத்துப் போட்டார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கி முடித்த கஸ்பார், பாரியைப் பார்த்ததும் மிரண்டு பின்னால் நகர்ந்தான்.

"இன்னாடா பாடின? வார்த்த ஒண்ணும் கேக்கல. உன் தாளந்தான் கேட்டுது, சாவுத் தாளம். நடுவுல என் பேரு. சரி, செத்துட்டோம் போலன்னு கைய வுட்டுட்டேன் மாமு. ரஷீதுதான் முடியப் புட்சி இழுத்தான்."

பாரி பிலோமியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனுடைய காது இரண்டையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டிருந்தாள்.