கூப்பிட்ட குரல்

நாகஜோதி தல்லாகுளத்து வீட்டில் இருந்தபடியே சீமையிலுள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு வேலை பார்த்தாள். மதுரைப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்கள் அள்ளிப்போனதெல்லாம் இப்போது இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடி, எதை எல்லாருக்கும் காட்டலாம், எதைப் பூட்டி வைக்கவேண்டும் என்று அவள் எழுதி அனுப்பவேண்டும். மண்டையோடுகள், கைரேகைகள், மிரட்டி நிறுத்தி எடுத்த படங்கள். பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போயிருந்தது.

ஒரு மதியம், மாமியார் பிறந்த ஊரைத் தேடியபோது ஒலிப்பதிவு ஒன்று வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் கைதிகள் முகாமில் பதிவு செய்தது. ‘பெண், பாட்டு’ என்று மட்டும் குறிப்பு.

ஓடவிட்டாள். கரகரப்புக்குள்ளிருந்து குரல் எழுந்தது. அது பாட்டில்லை. யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

“ஏத்தா ஒச்சாயி... இருட்டிருச்சு, வந்துரு.”

அடுப்படியிலிருந்து மாமியார் ஒச்சாயி ஈரக்கையோடு வந்தார். “இந்தா வாரேன்த்தா” என்று சின்னப்பிள்ளைக் குரலில் சொல்லிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். நாகஜோதி பாய்ந்து கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

“எங்க போறீக அத்தை?”

“எங்காத்தா கூப்பிடுதுல்ல.”

சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு திரும்பியது. ஆத்தாவைப் புதைத்து எத்தனையோ வருஷம். உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் தன் பெயர் வந்த கதையைச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில், கைரேகை வைக்கச் சொல்லிப் போலீஸ் ஊரை வளைத்த அன்று காட்டுக்குள் ஓடிய ஒரு பிள்ளை திரும்பவே இல்லையாம். தாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் தலைமுறைக்கு ஒருத்திக்கு வைக்கிறார்களாம்.

நாகஜோதி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். கூப்பிடும் குரலைக் காணோம். வெறும் கரகரப்பு. கடைசியில், ஓடிவந்த பிள்ளை மூச்சு வாங்குவதுபோல, காதுக்கு மிக அருகில் ஏதோ கேட்டது. அப்புறம் அதுவும் அடங்கியது.

மறுநாள் உடன் வேலை பார்க்கும் நிலோபர் போன் செய்தாள். அந்தப் பதிவைப் பூட்டச் சொல்லியிருக்கிறாய், அதில் குரலே இல்லையே என்றாள்.

“இருந்துச்சு நிலோபர். யாரும் போட்டுக் கேக்கவேணாம், பூட்டிரச் சொல்லு.”

பூட்டிவிட்டார்கள்.

“பிள்ள அவ ஆத்தாகிட்டப் போய்ச் சேந்துருச்சாத்தா?” என்று ஒச்சாயி ஒரே ஒருமுறை கேட்டார். சேர்ந்துவிட்டது என்றாள் நாகஜோதி. அது நிஜமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப்பிறகு, ஒலிப்பதிவு எது வந்தாலும், மாமியாரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓடவிடுகிறாள்.