ஹென்றிக்குப் பக்கத்து இருக்கை

என் கணவர் ஹென்றி ஆறு வருடமாக, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில், அயர்ன் பண்ணிய சட்டையும் வாசனைத் தண்ணீருமாக, ஒரு சங்கத்து பஸ்ஸில் பழைய கோயில் பார்க்கப் போய்வந்தவர். அவர் காலமாகி எட்டு மாதம் கழித்து நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். அவர் யாருக்குப் பக்கத்தில் இருந்து போய்வந்தார் என்று கண்டுபிடிக்கத்தான். சரித்திரத்தில் ஆசை வந்துவிட்டது என்றெல்லாம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் ஓய்வூதியக்காரர்கள் சிலர் நடத்துகிற சரித்திரச் சங்கம் அது. பனிக்காலம் முழுக்க ஒரு மண்டபத்துக்குள் இருந்து, பிரான்சில் உள்ள இடைக்காலத்துத் தேவாலயங்களைத் திரையில் படமாகப் பார்ப்பார்கள். பனி கரைந்ததும் பஸ் பிடித்து, கைக்கெட்டிய தூரத்தில் உள்ள கல் கோயில், மாவு ஆலை, கோட்டைச் சுவர் என்று கிளம்பிவிடுவார்கள். முன்னூறு வருடத்துச் சுவர் ஒன்றைக் கண்டால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதைப்பார்கள். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு முன்னூறு வருடமெல்லாம் ஒரு வயதா?

ஹென்றி புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி அடுக்கியவர். எந்தப் பொருளைக் கண்டாலும் "இது எந்த ஆண்டுச் சாமான்?" என்று கேட்கிற மனுசன். ஓய்வுபெற்ற அடுத்த வாரமே சங்கத்தில் சேர்ந்து, என்னைக் கேளாமல் என் பெயரையும் பதிந்துவிட்டார்.

"நீரும் வாருமன், கிறேஸ்," என்பார் மாதாமாதம்.

"பேந்து பாப்பம்," என்பேன் நான்.

எங்கள் ஆட்கள் 'பேந்து பாப்பம்' என்றால், அந்த விஷயம் அதோடு முடிந்தது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லாமல் இருப்பதற்கான மரியாதை அது. ஹென்றிக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒருநாள் மட்டும் பொறுமை போய் உடைத்துச் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர முழங்கால் நோகுது. பூட்டிக் கிடக்கிற கோயிலைப் பாக்கப் போறதெண்டா மட்டும் நோகேல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டே சப்பாத்தைப் போட்டார்.

சந்தேகம் என் கட்லட்டில்தான் தொடங்கியது. ஆறு மீன் கட்லட் வைத்துக் கொடுத்தால் காணாது, பன்னிரண்டு வையும் என்பார். பக்கத்தில் இருக்கிறவைக்கும் கொடுப்பதுதானே மரியாதை என்பார். பெட்டி வெறுமையாகத் திரும்பிவரும். அவரும் பாட்டு முணுமுணுத்தபடி வருவார். பூசையில் என் பக்கத்தில் இருக்கும் அக்னெஸிடம் இதைச் சொன்னது என் பிழை.

"கிறேஸக்கா, கோயில் பாக்கப் போற ஆம்பிளைக்கு உந்தச் சென்ற் என்னத்துக்கு?" என்று அவள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் திவ்விய நற்கருணை வாங்க எழும்பிப் போய்விட்டாள். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. ஹென்றி உயிரோடு இருந்தவரை கேட்க வெட்கமாக இருந்தது. பிறகு கேட்க ஆள் இல்லை.

ரொக்ஸ்பரோவில் மூன்று அறை வீட்டில் இப்போது நான் தனி. என்னோடு கதைப்பது பிரிட்ஜ் மட்டும்தான், அதுவும் நிறுத்தி நிறுத்தி. ஒரு தேத்தண்ணீர் ஊற்றக் கேத்தலை நிரப்பிவிட்டுப் பாதியைத் தொட்டிக்குள் ஊற்றுவேன். அந்தத் தனிமைக்குள் இருந்துகொண்டு, ஹென்றி வேறு ஒருத்தியோடு சிரித்திருப்பாரோ என்று யோசிப்பது இருக்கிறதே, அது பெரிய வேதனை. துக்கப்படக்கூட மனம் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

புரட்டாதி முடிய, சங்கத்திலிருந்து அடுத்த பயணத்துக்கு அழைத்து எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் கடிதம் வந்தது. ஒட்டாவாவில் இருக்கும் மகள் வினோஜாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"போயிட்டு வாங்கோ அம்மா," என்றாள். "வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

ஐப்பசிச் சனிக்கிழமை காலை, கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்தில் பஸ் நின்றது. வாசலில் பெயர்ப் பட்டியலோடு ஒருத்தி. எழுபது வயது, சிவப்பு உதட்டுச்சாயம், கழுத்தில் பட்டுத் துணி. சங்கத்தின் செயலாளர் மதாம் ஜினெத். இவள்தான், வேறு யார் என்று பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நான் பெயரைச் சொன்னதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கட்டை மாதிரி நின்றேன். கார்தெறி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் பதினெட்டு வருடம் வேலை செய்து பிடித்த பிரெஞ்சு என்னுடையது. கையைக் கழுவு, ஓடாதே, முழுவதையும் சாப்பிடு. அதை வைத்துக்கொண்டு ஒரு களவை விசாரிக்க வேண்டியிருந்தது.

ஜினெத் என்னை ஐந்தாம் வரிசைக்குக் கூட்டிப்போய் ஜன்னலோரம் இருத்தினாள். பிறகு முன்னால் போய், ஊன்றுகோலோடு இருந்த ஒரு கிழவருக்குக் கழுத்துச் சால்வையைச் சரிசெய்து, கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். அவள் புருசன். என் தீர்ப்பு பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

வழி நெடுக ஒவ்வொரு இருக்கையாக எண்ணினேன். எல்லாரும் சோடி சோடியாக இருந்தார்கள். புருசனும் பெண்சாதியும், அக்காவும் தங்கையும், பழைய சிநேகிதிகள் இருவர். என் பக்கத்து இருக்கை மட்டும் வெறுமை. அதில் யாரும் வந்து இருக்கவில்லை, ஒரு கைப்பைகூட வைக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தது ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய கல் கோயில். கோயிலைப் பராமரிப்பவர் சுவரின் தடிப்பு, மணி வந்த கப்பல், கூரை இரண்டு தடவை எரிந்த கதை என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். எவள் ஹென்றியை நினைத்துக் கண் கலங்குகிறாள் என்று பார்த்தேன். ஒருத்தியும் இல்லை. அதற்கும் கோபம் வந்தது.

வெளியே வந்ததும் ஜினெத்தை மதிலடியில் மறித்தேன். ஒரு கிழமையாகப் பாடமாக்கிய வசனம்.

"என் கணவருக்குப் பக்கத்தில் யார் இருந்தது?"

அவள் விளங்காமல் பார்த்தாள். "நீங்கள்தான்," என்றாள்.

"நான் ஒருநாளும் வந்ததில்லை."

"தெரியும். ஆனால் அது உங்கள் இடம். ஹென்றி எப்போதும், என் மனைவிக்கு ஜன்னல் வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும், அடுத்த மாதம் கட்டாயம் வருவாள் என்பார். யாரையும் இருக்க விடமாட்டார். மத்தியானம் வரிசை வரிசையாகப் போய் நீங்கள் செய்த கட்லட்டை நாலாக வெட்டிக் கொடுப்பார். சாரதிக்கு எப்போதும் இரண்டு. உங்கள் சமையலை எங்கள் எல்லாருக்கும் தெரியும் கிறேஸ். உங்களைத்தான் இன்றைக்குக் கண்டோம்."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"நான் உங்களிடம் மன்னிப்பும் கேட்கவேண்டும்," என்றாள். "எங்களுக்குத் தலை எண்ணும் வழக்கம் இல்லை. பஸ் வெளிக்கிடும்போது, பக்கத்தில் இருந்தவர் வராவிட்டால் கையை உயர்த்துங்கள் என்று கேட்போம். இன்றைக்கும் அதே முறைதான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், ஹென்றி ஏதோ கல்வெட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கையை உயர்த்த அவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. பஸ் வெளிக்கிட்டுவிட்டது. வழியில் கவனித்து நாங்கள் திரும்பிப்போக ஒன்றரை மணித்தியாலம் ஆனது. கோயில் பூட்டியாகிவிட்டது. அந்தக் குளிரில் படியில் இருந்தார்."

"என்ன சொன்னார்?"

"எங்களுக்கு ஆறுதல் சொன்னார். பிழை உங்களுடையது அல்ல, கிறேஸ் வந்திருந்தால் கையை உயர்த்தியிருப்பாள் என்றார். அதற்குப் பிறகும் அந்த இடத்தில் வேறு ஆளை இருக்கவிடவில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவேன்."

அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. பஸ்ஸுக்குக் காற்றுப் போய்விட்டது என்று என்னிடம் சொன்னவர். குளிரில் உதடு வெடித்திருந்தது. சோறு ஆறிப்போய்விட்டது என்று நான் ஏசினேன். சூடாக்கிக்கூடக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

தேடிவந்த பெண்பிள்ளையைப் பிடித்துவிட்டேன். அவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆறு வருடம் அந்த மனுசன் நாற்பது பேருக்கு நடுவில் தனியாக இருந்திருக்கிறார், என்னால். வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூட நல்லது என்று அந்த நேரம் பட்டது. குறைந்தபட்சம் அவள் அவரைக் குளிருக்குள் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டாள்.

எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். என் இடத்தில் போய் இருந்தேன். சாரதி இயந்திரத்தைக் கிளப்பினான். ஜினெத் முன்னால் எழும்பி நின்று, வழக்கமான குரலில், பக்கத்தில் இருந்தவர் வராவிட்டால் கையை உயர்த்தும்படி கேட்டாள்.

நான் கையை உயர்த்தினேன்.

ஜினெத் மெல்ல நடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இருக்கையைப் பார்த்தாள்.

"யார் வரவில்லை?" என்று கேட்டாள்.

"ஹென்றி," என்றேன்.

அவள் சாரதியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான். ஒருவரும் நேரம் பார்க்கவில்லை, இருமக்கூட இல்லை. நாற்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கை கடுக்கும்வரை நானும் உயர்த்தியபடியே இருந்தேன்.

பிறகு நான்தான் போகலாம் என்றேன்.