கீழ்ப்பலகை மேலே

கம்ப்யூட்டர் அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வாசலில் ஜாஹ்னவியின் செருப்பு மட்டும் கிடந்தது. எதிர் மேஜையில், தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு ட்ரேசிங் எடுத்த சசிரேகாவுக்கு அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருந்த அந்தக் கம்பெனி, புதிதாக வரும் தொழிற்சாலைகளின் அதிகாரிகளுக்கு ஆயத்த வீடுகள் செய்தது. இரும்புச் சட்டம், வெளிப்புறம் வரிசை வரிசையாக சிமென்ட் பலகை. தொண்ணூற்றொன்றில்தான் வீடு வரைய ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி ரங்கநாத் அதற்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார். அதன்முன் உட்கார ஜாஹ்னவியைக் கொண்டுவந்தார். பட்டணத்தில் கம்ப்யூட்டர் படித்த பெண். அவள் அப்பா தோத்தாத்ரி, கோவிலில் கைங்கரியம் செய்பவர், முதலாளிக்கு வேண்டியவர். ஐ.டி.ஐ.யில் வரைபடம் படித்த சசிரேகா, தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பலமுறை கேட்டிருந்தாள். முதலாளி பார்க்கலாம் என்றதோடு சரி.

ஜாஹ்னவி கெட்டவளும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கொண்டுவந்த புளியோதரையில் பாதியை நீட்டுவாள். திரையில் வீடு எழும்புவதைக் காட்டக் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள். ஒரு பலகை வரைந்தால் போதுமாம், மீதியை அதுவே அடுக்கிவிடுமாம். சுவரின் உச்சியில் ஒன்றை வரைந்து ஏதோ தட்டினாள். பலகைகள் சரசரவென்று தரைவரை இறங்கின. ஒவ்வொன்றும் தனக்கு மேலிருந்த பலகையின் அடி விளிம்பை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேரே இடுக்குக்குள் போகும். ஓலை வேய்ந்த வீட்டில் வளர்ந்த சசிரேகாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள்.

"எவ்ளோ அழகா இருக்கு, இல்ல?" என்றாள் ஜாஹ்னவி.

சசிரேகா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். மாட்டட்டும்.

பலகை அடிக்கும் ஃபிட்டர் கோதண்டம் அவளுடைய அண்ணன். அவன் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. கம்பெனி முற்றத்தில் மாதிரி வீட்டுக்கு வேலை தொடங்கிய அன்று, மண்ணூரில் தங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவன் கேட்டான்.

"இன்னா ரேகா, மேலேர்ந்து கீழ அடிச்சிகினு வர்றமாரி கீது. கீழ்ப்பலக மேல ஏறி நிக்குது. ட்ராயிங் சரிதானா?"

குழம்பு ஊற்றிய கை நின்றது. இப்போதே சொன்னால் அவன் சூப்பர்வைசரிடம் போவான். ஜாஹ்னவி சத்தமில்லாமல் திருத்திக்கொள்வாள், நல்ல பேரும் வாங்கிக்கொள்வாள்.

"கம்ப்யூட்டர்ல போட்டது. அதுல இன்னா தப்பு வரப்போவுது? போட்டாப்புலயே அடிண்ணா."

தங்கை படித்தவள். அதன்பிறகு அவன் யாரையும் கேட்கவில்லை.

முதல் ஐப்பசி மழையிலேயே மாதிரி வீட்டின் உள்சுவர் ஊறிப் புடைத்தது. வாடிக்கையாளர்கள் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். முதலாளி எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். சசிரேகா முன்வரிசையில் போய் நின்றுகொண்டாள். ஜாஹ்னவி வாங்கிக்கட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

முதலாளி ஜாஹ்னவி பக்கம் திரும்பவே இல்லை. தன்மேல்தான் தப்பு என்று அவள் சொல்ல வந்ததையும் கையமர்த்திவிட்டார். கோதண்டத்தைப் பார்த்தார்.

"அது சின்னப் பொண்ணு, இப்பதான் கத்துக்குது. பலகை அடிக்கிற உனக்குத் தெரியாதா? வரையற ரூம்ல ஒரு வார்த்தை கேட்டியா?"

கோதண்டம் தங்கையைப் பார்த்தான். அவள் சொல்லியிருக்கலாம். ஊறிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கல சார்," என்றான் அவன்.

அத்தனை பலகையையும் கழற்றித் திருப்பி அடிக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது, முடித்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். இரவு வீட்டில் கோதண்டம் ஆணி பிடுங்கும் கம்பியைத் தேடி எடுத்து வைத்தான்.

காலையில் ஜாஹ்னவி அழுது வீங்கிய கண்ணோடு அவள் மேஜைக்கு வந்தாள்.

"இனிமே நீங்களும் சேர்ந்து பாக்கணும்னு சார்கிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டார். வாங்கோ, உக்காருங்கோ."

நாற்காலி மெத்தென்றிருந்தது. ஏசிக் காற்று கழுத்தில் பட்டது. எந்தப் பொத்தான் என்று ஜாஹ்னவி காட்ட, சசிரேகா அழுத்தினாள். திரையில் பலகைகள் அத்தனையும் நொடியில் புரண்டு சரியாக உட்கார்ந்தன.

சன்னல் கண்ணாடிக்கு வெளியே, கோதண்டம் சேற்றில் குந்தி, கீழ்வரிசையின் முதல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.