தும்பிக்குக் காது இல்லை

கழுத்து திரும்பவில்லை. பக்கத்தில் வருகிற வண்டியைப் பார்க்க நப்ஹான் இடுப்போடு சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் கையிலிருக்கும் திரையைக் குனிந்து பார்ப்பது, நடுநடுவே அண்ணாந்து படம் பிடிக்கும் ட்ரோன் எங்கே என்று தேடுவது, இதுதான் பிழைப்பு. சிறு வயதில் ஓமானின் நிஸ்வாச் சந்தையில் பேரீச்சம்பழ மூட்டை சுமந்தபோது வலித்த அதே இடம்தான் இப்போதும் வலித்தது. தொழில் மாறியிருக்கிறது, சுமை மாறியிருக்கிறது, கழுத்து அதேதான்.

மலைப்பாதையில் பாதி ஏறும்போது கல்ஃபான் மறுபடி போன் செய்தான். செத்துப்போன மர்ஹூனின் மச்சினன்.

"எங்கடா இருக்கே? தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டிருக்கா. படத்துல சேத்த அந்தப் பாட்டை எடுத்துட்டு, அடியில இருக்கிற அவரு குரலைக் கொண்டாரணும், அவ்வளவுதானாம்."

"அடியில ஒண்ணும் இல்லடா."

"அதை நீயே வந்து சொல்லு. நான் சொன்னா, உனக்கு என்ன தெரியும், நீ ஆட்டுக்குப் புல்லு அறுக்கறவன்னு சொல்றா."

மலை எவ்வளவு உயரம் என்பது மலையை மட்டும் காட்டினால் தெரியாது. அதன் விளிம்பில் ஒரு மனிதன் நிற்க வேண்டும், எறும்பு அளவுக்கு. முகம் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்க்கிறவன் மலையை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பான். அப்படி நிற்கத்தான் மர்ஹூன். பேரீச்ச மரம் ஏறுகிறவன், பாறை விளிம்பில் வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல நிற்பான். மூன்று வருடமாக நப்ஹான் எடுத்த படங்களிலெல்லாம் வெள்ளை அங்கியில் முதுகைக் காட்டி நின்றவன் அவன்தான். ஊருக்கு ஊர் ஓட்டல்காரர்கள் அந்த முதுகைத் திரையில் போட்டு வியாபாரம் செய்தார்கள்.

கடைசிப் படத்தில் மட்டும் அவன் திரும்பியிருந்தான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். மஸ்கட் ஓட்டல் கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நப்ஹான் அன்றன்று எடுத்ததை அன்றே அனுப்பிவிட வேண்டும் என்பது பேச்சு. மர்ஹூன் செத்த அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பி வண்டிக்குள் இடிந்துபோய்க் கிடந்தபோது, மடிக்கணினி தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது. அவர்கள் அடியில் ஊத் என்ற நரம்புக் கருவி இசை சேர்த்து, கை ஆட்டுகிற இடத்தில் 'வாருங்கள்' என்று எழுதி வெளியிட்டார்கள். ஆள் செத்துவிட்டான் என்று நப்ஹான் சொன்ன பிறகும் எடுக்கவில்லை. "அதுதாங்க எல்லாருக்கும் பிடிச்ச இடம்" என்றான் மேலாளர். "யாருன்னுதான் தெரியலையே, முகமே இல்லையே."

புருஷனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் ஷம்ஸாவின் போனுக்கே அந்தப் படம் வந்தது. முகமில்லாவிட்டால் என்ன, அவளுக்கு அந்தத் தோள் தெரியும்.

மர்ஹூன் வீட்டுக் கூடத்தில் கல்ஃபான் காபி ஊற்றிக் கொடுத்தான். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஷம்ஸா, புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. பிறக்கும் வரைக்கும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான். கறுப்புத் துணியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"காபி குடிச்சீங்களா அண்ணே?"

"குடிச்சேன் தங்கச்சி."

"பாட்டை எடுத்தாச்சா?"

நப்ஹான் மடிக்கணினியைத் திறந்து கொடுத்தான். கல்ஃபான் அதைக் கதவுக்குள் நீட்டினான். உள்ளே படம் சத்தமில்லாமல் ஓடியது.

"சத்தத்தைக் கூட்டுங்க."

"கூட்டித்தான் இருக்கு. இந்த ட்ரோனுக்குக் காது கிடையாது தங்கச்சி. இறக்கை சுத்துற இரைச்சல்ல ஒண்ணும் கேக்காதுன்னு, செய்யறவனே மைக் வைக்கிறதில்ல."

"இவ்வளவு பெரிய கண்ணு வச்சவன் காதை வைக்காமலா விட்டான்? ஏன் மறைக்கறீங்க? கெட்ட வார்த்தை ஏதும் சொன்னாரா? சொல்லியிருந்தாலும் குடுங்க. எனக்குப் பழக்கம்தான்."

கல்ஃபான் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கீழே பார்த்துக்கொண்டான்.

"மறைக்க என்ன இருக்கு?" என்றான் நப்ஹான்.

"துக்கம் கேக்க வந்தவங்க இந்தக் கூடத்துல உக்காந்து, என் காதுல விழற மாதிரியே பேசினாங்க. ஆத்தைத் தாண்டுற தாம்போதியில தண்ணி வர்றப்ப வண்டிய இறக்கி வீரம் காட்டினானாம். போன்ல படம் போடறதுக்காக ஆத்துல வண்டி விட்டுச் சாவுறானுங்களே பசங்க, அந்தக் கூட்டத்துல இவரையும் சேத்துட்டாங்க. நாளைக்கு இது பொறந்து வந்து, எங்க வாப்பா எப்படிம்மா செத்தாருன்னு கேட்டா, கிறுக்குப் புடிச்சுச் செத்தாருன்னு சொல்லவா?" குரல் கொஞ்சம் நின்றது. "நம்ம வீடு இந்தக் கரை. அவரு நின்ன பாறையும் இந்தக் கரை. ஆத்தைத் தாண்ட அவருக்கு என்ன வேலை? சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவரு பேசினது இந்தப் படத்துலதான் இருக்கு. அதைக் கேட்டாத் தெரிஞ்சுடும்."

அந்தக் கரையில் இருந்தது நப்ஹான்.

அன்று அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. வெகு தூரத்தில் மேல் மலையில்தான் கறுத்திருந்தது. மேகம் கறுத்தால் படத்துக்கு நல்லது. நப்ஹான் எதிர்க்கரையோரம், வறண்ட ஆற்றுக் கூழாங்கல்லில் உட்கார்ந்து ட்ரோனை ஏற்றினான். அங்கிருந்து பார்த்தால்தான் பாறை முழுசாகத் தெரியும். போன் எடுக்காத பள்ளத்தாக்கு. மர்ஹூன் திடீரென்று திரும்பிக் கையைத் தூக்கியபோது, வழக்கம்போலக் கூத்தடிக்கிறான் என்று நினைத்தான். 'படத்தைக் கெடுக்கறான் பாவி' என்று வாய்விட்டே சொன்னான். மேகம் அழகாக இருந்ததால் அவனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான். பாட்டரி தீரப்போனது. இறக்கி எடுத்துக்கொண்டு, வேறு பாட்டரி எடுக்கக் கரைமேல் நின்ற வண்டிக்கு ஏறினான். அதனால்தான் இன்று இந்தக் காபியைக் குடிக்கிறான். ஏறி நின்றபோது இரைச்சல் கேட்டது. வளைவுக்கு அப்பால் தாம்போதி நடுவில் மர்ஹூனின் வெள்ளைப் பிக்கப் வந்துகொண்டிருந்தது. அடுத்துப் பார்த்தபோது பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது.

ஏன் வந்தான் என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள். தெரியாது என்றான். தெரியாதுதான்.

"வாய் அசையறதைப் பாத்துச் சொல்றவங்க இருப்பாங்கல்ல?" என்றாள் ஷம்ஸா. "ஆட்டுச் சந்தை ஜுமா இருக்காரே. அவருகிட்டக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைக் கயிற்றில் பிடித்து வட்டமாகச் சுற்றுவார்கள். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் விலை கூவுவார்கள். ஜுமாவுக்குச் சின்னப் பையனாக இருந்தபோது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. கூச்சல் நடுவே எவன் உதடு என்ன விலை சொல்கிறது என்பதைப் பார்த்தே வியாபாரம் செய்கிறவன். நப்ஹானும் கல்ஃபானும் போனபோது கொம்பு முறிந்த கிடா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா படம் புடிக்கறவனே, ஆடு வாங்க வந்தியா, ஆட்டை மலை உச்சியில நிறுத்த வந்தியா?" என்று சந்தைக்கே கேட்கக் கத்தினான். தன் குரல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.

தீவனக்கடைக்குள் நிழலில் வைத்துக் காட்டினார்கள். நப்ஹான் பெரிதாக்கினான். மர்ஹூனின் தலை வந்தது. இன்னும் பெரிதாக்கினான். தலை போய்க் கட்டம் கட்டமாகப் பழுப்பும் கறுப்பும் வந்தது.

"வாய் எங்க?" என்றான் ஜுமா.

"இதுதான்."

"இதுவா? இது சோத்துப் பருக்கை. பருக்கைக்கு வாய் இருக்கா?" மறுபடி ஓடவிடச் சொன்னான். ட்ரோன் சுற்றியது. திரையில் மர்ஹூனும் சுற்றினான். அது எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி, அதற்கு நேராக முகத்தைக் காட்டினான். கால் விளிம்புக்குப் போவதைக்கூடப் பார்க்கவில்லை.

"யாருகிட்டப் பேசறான்?"

"அங்க யாரும் இல்ல."

"அப்ப அந்தத் தும்பிகிட்டயா?" ஜுமா சிரித்தான். "பாவம், அவனும் ஒரு செவிடன்கிட்ட மாட்டியிருக்கான்."

ட்ரோனுக்குத் தும்பி என்று பெயர் வைத்ததே மர்ஹூன்தான். நப்ஹான் திரையை மூடினான்.

வண்டிக்குத் திரும்பும்போது கல்ஃபான் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"இங்க பாரு. ஜுமா படிச்சுட்டான்னு சொல்லிடுவோம். தண்ணி வருது, தண்ணி வருதுன்னு கத்தினாருன்னு சொல்லு. யாரு வந்து பாக்கப்போறா? மச்சான் பேரும் பொழைக்கும், அவளும் தூங்குவா."

"ஜுமாகிட்ட அவ கேட்டா?"

"கதவுக்குப் பின்னால நின்னு செவிடன்கிட்ட எப்படிடா கேப்பா?"

நப்ஹானுக்கு அந்தப் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. மலை ஏறுகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். தண்ணி வருது. மூன்று வருடம் கேட்ட குரல், அது அந்த வார்த்தைகளில் வந்து உட்கார மாட்டேன் என்றது.

கதவருகே உட்கார்ந்து, ஜுமாவால் முடியவில்லை என்றான். சுற்றிச் சுற்றித் தும்பியைப் பார்த்தே பேசியிருக்கிறான் என்பதையும் சொன்னான்.

கறுப்புத் துணியின் ஓரம் கதவுக்கு நெருங்கி வந்தது.

"எப்பவும் அதுகிட்டப் பேசறதுதானே" என்றாள் ஷம்ஸா. "வீட்டுக்கு வந்து சொல்வாரு. இன்னைக்கு நப்ஹானைத் தும்பி வழியா நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன்டீ, பசிக்குதுடா எருமை, இறக்குடான்னேன், உடனே இறக்கிட்டான்னு. நீங்க கேட்டுட்டுச் சிரிப்பீங்களாமே."

நப்ஹான் சிரித்ததுண்டு. திரையில் அவன் குதிப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். கீழே வந்தவன் "கேட்டுச்சா?" என்பான். படம் நல்லா வந்துச்சா என்று கேட்கிறான் என நினைத்து, "பிரமாதம்" என்பான். பாட்டரி தீர்ந்து இறக்கியதெல்லாம், சொன்ன பேச்சுக்கு இறக்கியதாக அவன் கணக்கில் போயிருக்கிறது.

"தும்பி வழியா நான் ஒரு தடவைகூட ஒரு சொல்கூடக் கேக்கல தங்கச்சி."

"அதுக்குக் காது இல்லன்னு அவருகிட்டச் சொன்னதே இல்லியா?"

"சொல்லணும்னு தோணல."

அவள் மறுபடி பேசினாள். திட்டுகிற குரல் இல்லை. கறிக்கு உப்பு போட்டாச்சா என்று தனக்கே சொல்லிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மேல இருந்து பாத்திருக்காரு. தண்ணி வர்றது தெரிஞ்சிருக்கு. நீங்க கீழ ஆத்துல உக்காந்திருக்கீங்க. சொல்லியிருக்காரு. நீங்க எந்திரிக்கல. திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காரு. எந்திரிக்கல. அதான் வண்டிய எடுத்திருக்காரு."

"ஆமா."

"இதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது அண்ணே."

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் ஊர்ச் சாவடியில் கூடியிருந்தார்கள். நப்ஹான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தான். மடிக்கணினியைச் சுற்றிவரக் காட்டினான். ஜுமா பெயரை இழுக்கவில்லை. என்ன கத்தினான் என்று தெரியாது என்றான். தான் எங்கே இருந்தான் என்பதையும், மர்ஹூன் கை தூக்கியபோது தான் என்ன செய்தான் என்பதையும் சொன்னான்.

வீரம் காட்டினான் என்று முதலில் சொன்னவர் முஹன்னா. தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப அவன் உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் இறங்கினான்?"

"ஆமா."

"நீ அப்ப ஆத்துல இல்ல."

"இல்ல. மேல வண்டிக்கிட்ட இருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம். அவனுக்குத் தெரியாது."

காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் ஊற்றுவதை நிறுத்தினான். முஹன்னா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"இனிமே அந்தப் பேச்சு இங்க எழக் கூடாது. நான்தான் சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்." பிறகு நப்ஹானைப் பார்க்காமலே சொன்னார், "நீ எந்திரிச்சுப் போ தம்பி. இன்னைக்கு எங்களுக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியல."

செருப்பைத் தேடும்போது கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. குனியாமல் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டான்.

செய்தி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. கல்ஃபான் வாசலில் நின்றான், உள்ளே வா என்று சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நப்ஹான் கூடத்தில் உட்காராமல் நின்றான்.

"சொன்னீங்களாமே" என்றாள் ஷம்ஸா.

"சொல்லிட்டேன்."

"நல்லா இருங்க. இது பொறந்தா, உங்க வாப்பா ஒரு ஆளைக் காப்பாத்தப் போனாருன்னு சொல்லிக்குவேன்." கதவு லேசாக அசைந்தது. "ஆனா என்ன சொன்னாரு அண்ணே? தண்ணின்னாரா? எந்திரிடா எருமைன்னாரா? நடுவுல எப்பவாவது என் பேரு வந்துச்சா?"

"தெரியாது தங்கச்சி."

"உங்ககிட்டத்தானே சொன்னாரு. வேற யாருகிட்டயும் சொல்லலியே. உங்ககிட்டத்தான் இருக்கணும்."

அவள் அழுவது கேட்டது. அவளுக்கு அழக் கொஞ்சம் தனிமை வேண்டும் என்று வெளியே வந்து, வண்டியில் ஏறி, கதவைச் சாத்தினான். படத்தை இன்னொரு முறை ஓடவிட்டான். மர்ஹூன் திரும்பித் திரும்பி, நேராக அவனைப் பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடினான்.

பிள்ளை பிறந்துவிட்டது. பெண். ஓட்டல்காரன் படத்தை இன்னும் எடுக்கவில்லை. மர்ஹூன் கடைசியாகச் சொன்ன சொற்களை ஷம்ஸாவுக்கு நப்ஹான் தர வேண்டும். இதுவரை தரவில்லை.