இறங்கிப் போன நிரை

எஸ்டேட்டை மூடிய மூன்றாம் மாதம் தேயிலைச் செடிகள் வேலை தேடித் திருப்பூருக்குப் போயின. தோட்டத்துப் பகுதிகளுக்குப் போட்டிருந்த காட்டு நம்பர் வரிசைப்படி, தள்ளுமுள்ளு இல்லாமல் மலையிறங்கின. பத்தொன்பதாம் நம்பர் காடு கிளம்பியபோது என் மனைவி ஞானசௌந்தரியும் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு உடன் போனாள். அந்தக் காட்டில் முப்பத்தாறு செடிகள் கொண்ட ஒரு நிரையில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள் அவள். செடிகளைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை என்றாள். என்னைத் தனியே விட மட்டும் மனம் வந்தது.

நான் சூப்பர்வைசர். வெறும் மலையையும் யாராவது மேற்பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். தாழ்ந்த கூரை போட்ட எங்கள் லைன் வீட்டில் இரண்டு பேருக்கு உலை வைத்து, ஒருவனாகச் சாப்பிட்டேன்.

ஆவணியில் எஸ்டேட்டை நடத்தப் புதுத் துரை வந்தார். ஒரு நிரை திரும்பினால் போதும், குச்சி வெட்டி நாற்றுப் போட்டு எஸ்டேட்டைத் திறந்துவிடலாம் என்றார். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஒரு பனியன் கம்பெனி வாசலில் அவளுடைய நிரை நிழல் கொடுக்கும் வேலையில் இருந்தது. கவாத்து வெட்ட ஆளில்லாததால், இடுப்பளவு நின்ற செடிகள் பதினோரு அடி மரங்களாகியிருந்தன. நுனிக் கொழுந்து எட்ட வேண்டும் என்பதால் அவளும் அந்த உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். குனிந்து என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செடிகள் வரச் சம்மதித்தன. மறுபடி இடுப்பளவுக்கு வெட்டக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டன. நியாயம்தான்.

"நீயும் வந்துரு, சௌந்தரி. நீ இல்லாம முடியல."

"வரமாட்டேன்னா சொன்னேன்? அந்த லைன் வீட்டுக்குள்ள நான் எப்பிடிங்க நிமிந்து நிக்கிறது?"

அதைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று நான் மட்டும் மலையேறி, கூரையை உயர்த்தித் தரும்படி துரையிடம் கேட்டேன். கூரையைத் தொட விதியில் இடமில்லை, தரையைப் பற்றி விதியில் ஒன்றுமே இல்லை என்றார். வீட்டுக்குள் தோண்ட ஆரம்பித்தேன். பதினோரு அடியில் நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அவள் இன்னும் வளர்ந்திருப்பாள் என்று தோன்றியதால் நிறுத்தவில்லை.

ஐப்பசி முடிவதற்குள் மலையில் பாதிக்குமேல் தோண்டிவிட்டேன். இன்று காலை என் காலுக்குக் கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஞானசௌந்தரி தட்டுகிற தட்டுதான். அவளுக்குப் பின்னால் முப்பத்தாறு செடிகளின் இலைகளும் சலசலத்தன. மண் விழும், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தேடினேன்.