அடக்கி வைத்த ஆறு வருடம்

பொன்னி தங்கம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வாங்கிய கடனில், சம்பளத்தில் பிடித்தது போக மிச்சம் அது. டெல்லி துவாரகாவில், ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் தங்கம்மாவின் ஆறாவது மாடி வீட்டில் காலை ஆறரைக்கு நுழைவாள், மதியம் ஒரு மணிக்கு வெளியே வருவாள். பாத்திரம், தரை, துணி, இரண்டு கக்கூஸ். மாதம் ஆறாயிரம். அந்த இரண்டு கக்கூஸையும் அவள் கழுவலாம், உட்காரக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. வேலைக்கு வந்த முதல் நாளே தெரிந்துபோன விஷயம்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் குடிசை இருக்கும் ஜுக்கியில் பொதுக் கழிப்பறைக்கு விடியற்காலையில் வரிசை நீளம், நின்றால் பஸ் போய்விடும். ஆகவே வேலை முடிகிறவரை தண்ணீர் குடிப்பதில்லை, எதுவும் தின்பதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை போவாள், சில சமயம் நாலு. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வீட்டில் போகணும் என்று அவள் சொன்னதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கம்மா இதை எடுத்துச் சொல்வாள். பொன்னிக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

தங்கம்மாவின் கணவர் வேதாந்தம் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு வயிறுதான் அவருக்கு இலாகா. தினமும் ஏழு மணிக்குக் கழிப்பறையிலிருந்து வந்ததும் அன்றைய நிலவரத்தை அறிவிப்பார்.

"இன்னிக்கு மூணே நிமிஷம், தங்கம்."

"காபி குடிக்கிறப்போ இதைக் கேக்கணும்னு என் தலையெழுத்து."

"குடல்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கு. நல்ல கிருமி. அதை நாம சந்தோஷமா வெச்சுக்கணும்."

"என்னைவிட அதுங்களத்தான் நல்லா வெச்சிருக்கீங்க."

பொன்னிக்குக் கிட்னி பழுது என்று தெரிந்ததும் முதலில் யோசனை சொன்னவரும் அவர்தான். வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தினம் இரண்டு வாழைப்பழம் சாப்பிடச் சொல்லி வீட்டுச் சீப்பிலிருந்தே பிய்த்துக் கொடுத்தார். உடம்புச் சூட்டுக்கு இளநீர் குடிக்கச் சொன்னார். அதை அவள் சொந்தக் காசில் சாயங்காலம் வாங்கிக் குடித்தாள். வாழைப்பழத்திலும் இளநீரிலும் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று இருவருக்கும் ஒரே எண்ணம்.

ஒரு மாதம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். சின்ன வயது வடக்கத்திக்காரர். இந்தியில்தான் பேச்சு.

"பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கே. என்ன சாப்பிடறீங்க?"

"வாழைப்பழம், இளநீர். சார் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்ல. ரிடையர் ஆனவரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பழுதான கிட்னியால் தள்ள முடியாத பொட்டாசியத்தில் கொஞ்சத்தைக் குடல்தான் மலத்தோடு தள்ளுகிறது, மலம் தங்கினால் அதுவும் தங்கும் என்றார். தேங்கிக் கிடப்பதிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் விஷம் ரத்தத்தில் ஏறும், அதையும் அதே கிட்னிதான் சுமக்க வேண்டும் என்றார். பழத்தையும் இளநீரையும் நிறுத்தச் சொல்லி ஒரு சிரப் எழுதினார்.

"வந்தா உடனே போகணும். அடக்கக் கூடாது. இப்படியே விட்டா டயாலிசிஸ் சீக்கிரம் வரும்."

வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போவது என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

சிரப் குடித்த மறுநாள் காலை எட்டே காலுக்கு வயிறு அழைத்தது. பொன்னி தரை துடைக்கும் துணியைப் பிழிந்து வைத்தாள்.

"அம்மா, பாத்ரூம் போகணும்."

"கழுவிட்டியே."

"கழுவ இல்லம்மா."

தங்கம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கீழ செக்யூரிட்டி கார்டு ரூம்கிட்ட ஒண்ணு இருக்கே."

"சாவி அந்த கார்டு பையாகிட்ட இருக்கு. அவரு வாசல் கேட்டை விட்டு வர பத்து மணி ஆவும்."

"ஆறு வருஷமா இல்லாத பழக்கமா இருக்கு."

"அடக்குற பழக்கத்த விடச் சொல்லிட்டாரும்மா டாக்டரு."

தங்கம்மா கணவரைப் பார்த்தாள். வேதாந்தம் பேப்பரை இறக்கினார்.

"வந்தா ஒரு நிமிஷம் தள்ளக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?" என்றாள் பொன்னி.

"அது பொதுவாச் சொன்னது," என்று அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

"இதோ பாரு," என்றாள் தங்கம்மா, "அந்தப் பாக்கிக் கடனை வேணும்னா விட்டுடறேன். நீயும் இந்தப் பேச்சை விட்டுடு."

பொன்னி யோசிக்கத்தான் நினைத்தாள். வயிறு அதற்கு நேரம் கொடுக்கவில்லை. பின்பக்கக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். எப்போதும் கதவைத் திறந்து வைத்தே கழுவியதால் கதவின் உட்புறத்தை அவள் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. நேற்றுவரை ஒவ்வொரு தேதியிலும் வேதாந்தம் ஒரு டிக் போட்டிருந்தார். ஒரு நாள் தவறவில்லை. அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் வழக்கம்போலவே தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள்.

தங்கம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நாளைல இருந்து..."

"வரலம்மா. இந்த மாசம் இன்னிக்கோட பன்னெண்டு நாளு. நாளுக்கு இருநூறுன்னா ரெண்டாயிரத்து நானூறு. கடன் போவ அம்பது ரூபா எனக்கு வரணும்."

"கடனை விடறேன்னு சொன்னேனே."

"பேச்ச விட்டா விடறேன்னீங்க. நான் விடலயே."

"இனிமே எங்க வேலை தேடுவே?"

"தெரியலம்மா. எங்கன்னாலும் இத முதல்ல கேட்டுட்டுத்தான் சேருவேன்."

வேதாந்தம் பேப்பருக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "நல்லாப் போச்சா?"

"போச்சு சார்."

"நல்லது."

தங்கம்மா டைரியை எடுத்து, பொன்னியின் பெயருக்கு நேரே குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பிறகு பர்ஸைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.